பிரசன்டேஷன் செய்வது எளிது, இன்னொரு கணினியில் ஓட வைப்பதுதான் பாடு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கு ராத்திரி கண் விழித்து 32 ஸ்லைடு செய்தேன். தமிழில் தலைப்புகள், நடுவில் இரண்டு காணொளி, ஓர் இடத்தில் குரல் பதிவு. என் மடிக்கணினியில் அருமையாக ஓடியது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், கூட்டம் நடந்த அறையின் கணினியில் திறந்தேன். தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தன. காணொளி இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம். குரல் பதிவு மூச்சே விடவில்லை. எதிரே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

தவறு முழுக்க என்னுடையதுதான். மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தேன். கோப்பு என் கையை விட்டுப் போனபிறகு அதற்கு என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதன்பிறகு பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். ஸ்லைடை அழகாக்குவது எப்படி என்பது இதில் இல்லை. அதற்கு வேறு இடம் பாருங்கள்.

1. மென்பொருளைத் திறக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்

முதல் ஸ்லைடைத் தொடுவதற்கு முன் தெரிய வேண்டியவை சில. இது யாருடைய கணினியில் ஓடப்போகிறது? அங்கே இணையம் உண்டா? நீங்கள் நின்று பேசப் போகிறீர்களா, அல்லது அவர்கள் தனியாகத் திறந்து படித்துக்கொள்வார்களா? ஸ்பீக்கர் இருக்கிறதா? ஏற்பாடு செய்பவருக்கு ஒரு செய்தி அனுப்பினால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கடைசியில் கொடுக்க வேண்டிய வடிவம் இந்தப் பதில்களைப் பொறுத்துத்தான் இருக்கும். நின்று பேசும் ஸ்லைடில் ஐந்து சொல் போதும். தனியாகப் படிப்பவருக்கு அந்த ஐந்து சொல் ஒன்றுமே சொல்லாது. ஒரே கோப்பை இரண்டுக்கும் பயன்படுத்த நினைத்தால் இரண்டுமே கெடும். பேசுவதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் நீங்கள் பேசுவதையெல்லாம் எழுத்தில் சேர்த்துவிடலாம்.

திரையின் வடிவத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இப்போதைய பவர்பாயின்ட் இயல்பாக 16:9 என்ற அகலத் திரையில்தான் தொடங்கும். பழைய புரொஜெக்டர்கள் 4:3. முப்பது ஸ்லைடு முடித்தபிறகு அளவை மாற்றினால், படங்கள் நசுங்கும் அல்லது எழுத்துகள் ஓரத்துக்கு ஓடும். ஒவ்வொன்றாகச் சரிசெய்ய அரைநாள் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

2. மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்: காசு எங்கே போகும், எங்கே போகாது

புதிதாகத் தொடங்குபவர் காசு கொடுக்கத் தேவையே இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கூகுள் ஸ்லைட்ஸ் இலவசம். உலாவியில் (பிரவுசர்) ஓடும், பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் திருத்தலாம். இலவசக் கணக்கில் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது என்பதை மறந்துவிடாதீர்கள். அஞ்சல் பெட்டி நிரம்பினால் காணொளி ஏற்ற இடம் இருக்காது.

பவர்பாயின்டைக் கணினியில் நிறுவிக்கொள்ளக் காசு வேண்டும். ஆனால் அதன் உலாவிப் பதிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் இலவசம். கூடவே ஒன்டிரைவில் 5 ஜிகாபைட். சில வசதிகள் அதில் இருக்காது. குறிப்பாக, காணொளியைச் சுருக்குவது போன்ற வேலைகளுக்கு விண்டோஸில் நிறுவிய பதிப்பே வேண்டும்.

லிப்ரே ஆபிஸ் இம்ப்ரஸ் முழுக்க இலவசம், கட்டற்ற மென்பொருள், இணையம் இல்லாமலே ஓடும். தோற்றம் கொஞ்சம் பழையது. பவர்பாயின்ட் கோப்பைத் திறக்கும், சேமிக்கும். சிக்கலான அனிமேஷன்கள் மட்டும் அங்கங்கே இடறும். ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கீநோட் இலவசம். ஆனால் கீநோட் கோப்பை விண்டோஸ் கணினியில் நேராகத் திறக்க முடியாது. பவர்பாயின்ட் வடிவத்திலோ பிடிஎஃபாகவோ ஏற்றுமதி செய்துதான் தர வேண்டும்.

கேன்வா போன்ற தளங்களில் வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்) கண்ணைக் கவரும். வேலை எல்லாம் முடித்துப் பதிவிறக்கும்போதுதான், நடுவே நீங்கள் இழுத்துப் போட்ட ஒரு படம் கட்டணப் படம் என்று தெரியவரும். கிரீடக் குறி உள்ள எதையும் தொடாமலிருந்தால் தப்பிக்கலாம். வேறு சில தளங்களில் இலவசக் கணக்கில் செய்வது எல்லாமே பொதுவில் தெரியும். மறைத்து வைக்கக் காசு கேட்பார்கள். அலுவலக விஷயம் என்றால் விதிமுறையை ஒருமுறை படித்துவிட்டு ஏற்றுங்கள்.

இன்னொன்று, ‘இலவச முயற்சிக் காலம்’. கடன் அட்டை எண்ணைக் கேட்டால், காலம் முடிந்ததும் தானாகக் காசு பிடிக்கப்படும் என்று அர்த்தம். நிறுத்த வேண்டிய தேதியை அன்றைக்கே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

என்னைக் கேட்டால்: இணையம் நிச்சயம் உண்டு, பலர் சேர்ந்து செய்கிறீர்கள் என்றால் கூகுள் ஸ்லைட்ஸ். காணொளியும் ஒலியும் நிறைய, இணையம் சந்தேகம் என்றால் பவர்பாயின்ட் அல்லது இம்ப்ரஸ். இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முறை தாவும்போதும் ஏதாவது ஒன்று உடையும்.

3. ஒரே ஃபோல்டர்

ஒரு ஃபோல்டர் திறந்து, படம், ஒலி, காணொளி, எழுத்துரு எல்லாவற்றையும் முதலில் அதற்குள் போட்டுவிட்டு, அங்கிருந்தே ஸ்லைடில் சேருங்கள். டெஸ்க்டாப்பிலிருந்து ஒன்று, வாட்ஸ்அப் பதிவிறக்கத்திலிருந்து ஒன்று என்று சேர்த்தால் பின்னால் தேட முடியாது. அந்த ஃபோல்டரிலேயே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைத்து, எந்தப் படம் எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்று அவ்வப்போது எழுதி வாருங்கள். ஏழாம் படியில் இது உங்களைக் காப்பாற்றும்.

கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் தப்பில்லை; ஆனால் பழைய கணினியிலும் சில பதிவேற்றப் பக்கங்களிலும் தகராறு செய்யும்.

4. தமிழ் எழுத்து: அதிகம் பேர் விழும் குழி

என் தலைப்புகள் குப்பையானதன் காரணம், பாமினி என்ற பழைய எழுத்துரு. பாமினி, வானவில் போன்றவை யூனிகோடுக்கு (எல்லாக் கணினியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய ஏற்பாடு. அவற்றில் நீங்கள் அடிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஆகவே முதல் விதி: யூனிகோடு தவிர வேறு எதிலும் அடிக்காதீர்கள். யாராவது பாமினியில் அடித்த பத்தியைக் கொடுத்தால், இணையத்தில் உள்ள மாற்றிகளில் ஒட்டி யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து அது தமிழாக்கிக் கெடுத்திருக்கும்.

அது யூனிகோடுதானா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த வரியை நகலெடுத்து ஒரு தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் சரி.

யூனிகோடில் அடித்தாலும் தொல்லை முழுக்கத் தீராது. எழுத்து வாசிக்கும்படி வரும், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் கணினி வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்துரு மாறினால் ஒரு வரித் தலைப்பு இரண்டு வரியாகி, கீழே உள்ள படத்தின் மேல் ஏறி உட்காரும். விண்டோஸில் லதா என்ற தமிழ் எழுத்துரு எப்போதும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. எல்லாக் கணினியிலும் இருக்காது. விண்டோஸ் 8 முதல் நிச்சயமாக இருப்பது நிர்மலா யூஐ. மேக் கணினியில் அது இயல்பாக இருக்காது. அங்கே தமிழ் சங்கம் எம்என், இணைமதி போன்றவை இருக்கும்.

தப்பிக்க மூன்று வழி. முதலாவது, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே புதைப்பது. விண்டோஸ் பவர்பாயின்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் அடியில் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் த ஃபைல்’ என்று இருக்கும். அதில் இரண்டு தேர்வு. பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் புதைத்தால் கோப்பு சிறிதாக இருக்கும். இன்னொருவர் திருத்த வேண்டியிருந்தால் எல்லா எழுத்துகளையும் புதையுங்கள். இம்ப்ரஸில் இதே வசதி ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபாண்ட் என்ற இடத்தில் இருக்கிறது. எல்லா எழுத்துருவும் புதைக்க அனுமதிக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற உரிம எழுத்துருக்களில் அந்தத் தடை இல்லை. நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். கூகுள் ஸ்லைட்ஸிலும் அது கிடைப்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

இரண்டாவது வழி, எழுத்துருக் கோப்பையே பென்டிரைவில் எடுத்துப்போய் அங்கே நிறுவுவது. பொதுக் கணினிகளில் அதற்கு அனுமதி இருக்காது என்பதால் இதை நம்பி இருக்க வேண்டாம். மூன்றாவது, பிடிஎஃப். பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யும்போது எழுத்துரு உள்ளேயே போய்விடும். எது கெட்டாலும் இது கெடாது.

கடைசியாக ஒன்று: தலைப்புப் பெட்டியில் இரண்டு மூன்று எழுத்துக்கு இடம் விட்டே அமையுங்கள். இறுக்கமாகப் போட்டால் சின்ன மாற்றத்துக்கே உடைந்துவிடும்.

5. படமும் காணொளியும்

கைபேசியில் எடுத்த ஒரு படம் பெரும்பாலும் 4000 × 3000 புள்ளிகள், மூன்று நான்கு மெகாபைட். முழு எச்டி திரைக்கு வேண்டியது 1920 × 1080. அதாவது ஆறில் ஒரு பங்குதான். இருபது படத்தை அப்படியே தூக்கிப் போட்டால் எண்பது மெகாபைட் ஆகிவிடும். சேர்க்கும் முன்னரே சிறிதாக்கிக்கொள்வது நல்லது. மறந்தால் பவர்பாயின்டில் படத்தைத் தேர்ந்தெடுத்து ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ கொடுக்கலாம். திரைக்கு 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) தாராளம்.

காணொளிதான் பெரிய தலைவலி. உங்கள் கணினியில் ஓடுகிறது என்பதற்காக அடுத்த கணினியில் ஓடும் என்று சொல்ல முடியாது. எம்பி4 என்பது வெறும் பெட்டி. பெட்டிக்குள் படம் எப்படிச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். எச்.264 படம், ஏஏசி ஒலி, இந்த இணை இருந்தால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடும். ஐபோனும் புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவும் எச்இவிசி என்ற இன்னொரு முறையில் எடுக்கும். பல விண்டோஸ் கணினிகளில் அதற்குத் தனி நீட்சி தேவை. இல்லையென்றால் என் கறுப்புக் கட்டம் உங்களுக்கும் வரும். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று வைத்துவிட்டால் எடுக்கும்போதே ஒழுங்காக வரும். ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றலாம். 1080 அளவுக்கான ஆயத்த அமைப்புகள் அதிலேயே இருக்கின்றன. தொடங்கு என்று கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அளவுக்குக் கணக்கு: நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் உள்ள காணொளி, ஒரு நிமிடத்துக்கு 60 மெகாபைட். ஒலி மட்டும் என்றால் 128 கிலோபிட்டில் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்கும் கீழே. மூன்று நிமிடக் காணொளியில் உண்மையில் காட்ட வேண்டியது இருபது நொடியாக இருந்தால், ஸ்லைடுக்குள் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து வெட்டியதாக நினைத்துவிடாதீர்கள். மறைந்திருக்கும் பகுதியும் கோப்பில் இருக்கும். வெளியே வெட்டி, பிறகு சேருங்கள்.

‘இன்சர்ட்’ செய்யும்போது புதைப்பது, இணைப்பு மட்டும் வைப்பது என்று இரண்டு உண்டு. இணைப்பு மட்டும் வைத்தால் ஸ்லைடுக் கோப்பு சின்னதாக இருக்கும், ஆனால் காணொளி உங்கள் கணினியிலேயே தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: பவர்பாயின்ட் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதன் பெயரின் கடைசியில் உள்ள .pptx என்ற பின்னொட்டை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ‘பிபிடி’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்று ஒன்று இருக்கும். உங்கள் காணொளி அதில் இருந்தால் புதைந்திருக்கிறது. இல்லாவிட்டால் வெறும் இணைப்புதான்.

கூகுள் ஸ்லைட்ஸ் கதை வேறு. அங்கே காணொளி யூடியூபிலிருந்தோ டிரைவிலிருந்தோதான் ஓடும். இணையம் போனால் அதுவும் போகும். டிரைவில் உள்ள காணொளிக்கு அனுமதி தனி. ஸ்லைடைப் பகிர்ந்தால் காணொளியும் பகிரப்பட்டதாகிவிடாது. ஸ்லைடு எல்லோருக்கும் திறக்கும், காணொளி மட்டும் ‘அனுமதி கேளுங்கள்’ என்று நிற்கும். ஒலிக்கோப்புக்கும் இதே விதி.

6. குரல் பதிவு செய்வதாக இருந்தால்

பவர்பாயின்டின் ‘ரெக்கார்ட்’ வசதி ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாகக் குரலைச் சேமிக்கும். தப்பினால் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் மறுபடி பதியலாம். இது பெரிய நிம்மதி. ஆனால் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததுக்கு மாறும் காட்சி ஓடும்போது பேசுவது பதிவாகாது. மாறி முடியும் வரை வாயை மூடிக்கொண்டு, ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்குங்கள். என் முதல் பதிவில் ஒவ்வொரு ஸ்லைடின் முதல் சொல்லும் காணாமல் போயிருந்தது.

கூகுள் ஸ்லைட்ஸ் இலவசக் கணக்கில் செய்பவர்கள் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் திரையைப் பதிவு செய்துகொள்ளலாம். மைக்குக்கு, மைக் உள்ள கைபேசி இயர்போனே போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

7. உரிமை

தேடலில் வந்த படம் எல்லாம் இலவசம் என்ற நினைப்பு வேண்டாம். விக்கிமீடியா காமன்ஸ், ஓப்பன்வர்ஸ் போன்ற இடங்களில் உரிமத்தோடு கிடைக்கும். அங்கே சிசி என்று தொடங்குபவை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்கள். சிசி0 என்றால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சிசி பிஒய் என்றால் எடுத்தவர் பெயர், மூலம், உரிமம் மூன்றையும் போட வேண்டும். என்சி என்று சேர்ந்திருந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு ஆகாது. என்டி என்றால் மாற்றி வெளியிடக் கூடாது. மூன்றாம் படியில் சொன்ன எழுத்துக் கோப்பை அப்படியே கடைசி ஸ்லைடில் ஒட்டினால் வேலை முடிந்தது.

பின்னணியில் சினிமாப் பாட்டு வைத்து யூடியூபில் ஏற்றினால், தானியங்கி முறை கண்டுபிடித்துவிடும். விளம்பரம் போடும், சில நேரம் காணொளியையே தடுத்துவிடும். அறைக்குள் போட்டுக் காட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிப் பயனில்லை.

8. அனுப்பும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. செய்யாததன் விலை சில நேரம் அதிகம்.

ஸ்லைடுக்கு அடியில் உங்களுக்காக எழுதிய குறிப்புகள் கோப்போடு போகும். மறைத்து வைத்த ஸ்லைடுகள் போகும். வெட்டி மறைத்த படத்தின் மீதிப் பகுதியும் போகும். பெறுபவர் ஒரு சொடுக்கில் முழுப் படத்தையும் பார்க்கலாம். எக்செலிலிருந்து வரைபடத்தை ‘எம்பெட் ஒர்க்புக்’ என்ற முறையில் ஒட்டியிருந்தால், அந்த ஒரு வரைபடத்தோடு முழு எக்செல் கோப்பும் போகும். சம்பளப் பட்டியல் பக்கத்துத் தாளில் இருந்தால் அதுவும்தான். வரைபடத்தைப் படமாக ஒட்டிவிடுவதே உத்தமம்.

விண்டோஸ் பவர்பாயின்டில் ஃபைல், இன்ஃபோ, ‘செக் ஃபார் இஷ்யூஸ்’, ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்று போனால் கருத்துகள், எழுதியவர் பெயர், குறிப்புகள் எல்லாவற்றையும் காட்டி, அழிக்கவா என்று கேட்கும். நகலில் செய்யுங்கள், மூலத்தில் அல்ல. அழித்த குறிப்புகள் திரும்ப வராது. அதே ‘இன்ஃபோ’ பக்கத்தில் ‘கம்ப்ரஸ் மீடியா’வும் இருக்கிறது. 720 அளவு பெரும்பாலான அறைகளுக்குப் போதும். 480 பெரிய திரையில் மங்கும். படத்தைச் சுருக்கும்போது ‘டிலீட் கிராப்டு ஏரியாஸ்’ தேர்ந்தெடுத்தால் வெட்டிய பகுதியும் ஒழிந்துவிடும்.

9. எந்த வடிவத்தில் கொடுப்பது

நான் எப்போதும் மூன்றாகக் கொடுக்கிறேன். மூலக் கோப்பு, பிடிஎஃப், காணொளி.

பிடிஎஃபில் காணொளி, ஒலி, அனிமேஷன் எதுவும் ஓடாது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றி மறையும்படி படங்களை அடுக்கியிருந்தால், பிடிஎஃபில் அத்தனையும் ஒரே நேரத்தில் குவிந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஸ்லைடை இரண்டு மூன்றாகப் பிரித்துவிடுங்கள். உண்மையில் நின்று பேசும்போதும் அதுவே நன்றாக இருக்கிறது. அனிமேஷனை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன்.

காணொளியாக ஏற்றுமதி செய்யும்போது, நேரம் குறிக்காத ஸ்லைடு ஒவ்வொன்றுக்கும் பவர்பாயின்ட் 5 நொடிதான் கொடுக்கும். பத்து வரி உள்ள ஸ்லைடு கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிவிடும். ஒத்திகை பார்த்து நேரத்தைப் பதிந்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். பெரிய கோப்புக்கு இது அரை மணி, ஒரு மணி கூட எடுக்கும்; நடுவில் மடிக்கணினியை மூடிவிடாதீர்கள்.

10. பகிர்வது

ஜிமெயிலில் இணைப்புக்கு வரம்பு 25 மெகாபைட். அஞ்சலில் ஏறும்போது கோப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால், 18-க்குள் வைத்துக்கொண்டால் தைரியமாக அனுப்பலாம். பெறுபவரின் அலுவலக அஞ்சல் இன்னும் குறைவாக ஏற்கலாம். வாட்ஸ்அப்பில் காணொளியைச் சாதாரணமாக அனுப்பினால் தரத்தைக் குறைத்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் 2 ஜிகாபைட் வரை அப்படியே போகும்.

பெரிய கோப்புக்கு லிங்க்தான் சரி. டிரைவில் புதிதாக ஏற்றிய எதுவும் முதலில் உங்களுக்கு மட்டுமே திறக்கும். ‘லிங்க் உள்ள எவரும்’ என்று மாற்ற வேண்டும், அதில் பார்ப்பவர், கருத்திடுபவர், திருத்துபவர் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் ‘திருத்துபவர்’ என்று வைத்து அனுப்பி, மறுநாள் மூன்று ஸ்லைடு காணாமல் போன கதை எனக்குண்டு. பழைய பதிப்பை ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யிலிருந்து மீட்டேன். ‘பார்ப்பவர்’ என்று வைத்தாலும் பதிவிறக்கவும் நகலெடுக்கவும் முடியும். வேண்டாம் என்றால் பகிர்வுப் பெட்டியின் பற்சக்கரக் குறிக்குள் போய் அதைத் தனியாக நிறுத்த வேண்டும்.

லிங்க் சரியா என்று பார்க்க, உலாவியின் மறைநிலைச் சன்னலில் (இன்காக்னிட்டோ) ஒட்டித் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் நுழைந்திருக்கும்போது எல்லாமே திறக்கும். அது சோதனையே அல்ல.

கூகுள் ஸ்லைட்ஸ் முகவரியில் ஒரு சின்ன வித்தை. கடைசியில் ஆங்கிலத்தில் ‘எடிட்’ என்று தொடங்கும் பகுதியை அழித்துவிட்டு அங்கே ஆங்கிலத்திலேயே ‘பிரசன்ட்’ என்று அடித்தால், திறந்ததும் முழுத்திரையில் ஓடும். ‘காப்பி’ என்று அடித்தால், பெறுபவர் தனக்கொரு நகல் எடுத்துக்கொள்ளும்படி கேட்கும்.

யூடியூபில் போடுவதாக இருந்தால், ‘அன்லிஸ்டட்’ என்று வைத்தால் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். ‘பிரைவேட்’ என்றால் நீங்கள் தனியே அழைத்தவர்களுக்கு மட்டும்தான். சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. கைபேசி எண் கொடுத்துச் சரிபார்த்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். ஏற்றிய காணொளியை அதே லிங்கில் வேறொன்றாக மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் மறுபடி ஏற்ற வேண்டும், லிங்கும் புதிதாகிவிடும். அச்சடித்த அழைப்பிதழில் யூடியூப் லிங்கைப் போடும் முன் இதை இரண்டு முறை யோசியுங்கள்.

11. நேரக் கணக்கும் அந்த நாளும்

புதியவர் என்றால் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுத ஒரு நாள், படமும் காணொளியும் சேர்த்து மாற்ற இரண்டு நாள், ஸ்லைடு செய்ய இரண்டு நாள். மீதி இரண்டு நாளை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். ஒன்று, ஏற்றுமதிக்கும் பதிவேற்றத்துக்கும். பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவாக இருப்பது சாதாரணம். இன்னொன்று, வேறொருவர் கணினியில் திறந்து பார்ப்பதற்கு. நண்பருடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ, உங்களுடையது அல்லாத ஒன்றில் எல்லா ஸ்லைடையும் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். கைபேசியிலும் ஒருமுறை.

கூட்டத்துக்கு அரை மணி முன்னே போய்விடுங்கள். கோப்பைப் பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல், கணினியில் நகலெடுத்து ஓட்டுங்கள். விண்டோஸ் விசையோடு P-யை அழுத்தினால் திரையைப் பிரதியாக்கவா, நீட்டிக்கவா என்று கேட்கும். குறிப்புகள் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றால் நீட்டிக்க வேண்டும். எச்டிஎம்ஐ கம்பி செருகியதும் ஒலி பெரும்பாலும் சத்தமில்லாமல் புரொஜெக்டருக்குப் போய்விடும், பல புரொஜெக்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. ஒலிக்குறியைச் சொடுக்கி வெளியீட்டை மாற்றுங்கள். என் குரல் பதிவு அன்று ஊமையானதற்குக் காரணம் இவ்வளவுதான் என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இணையவழிக் கூட்டம் என்றால் ஒலி இன்னும் மோசம். ஜூமில் திரையைப் பகிரும்போது ‘ஷேர் சவுண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டீம்ஸில் ‘இன்க்லூட் சவுண்ட்’. கூகுள் மீட்டில் காணொளி ஓடும் உலாவித் தத்தலை (டேப்) மட்டும் பகிர்ந்தால் ஒலியும் சேர்ந்து போகும். அறிவிப்புகளை நிறுத்திவிட்டுப் பகிருங்கள். ‘சாப்பிட்டாச்சா’ என்ற செய்தி முழுத்திரையில் வந்தால் யாரும் அப்புறம் ஸ்லைடைக் கவனிக்க மாட்டார்கள்.

ஓட்டும்போது கைக்கு வர வேண்டிய விசைகள் நான்குதான். எஃப்5 அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும். ஷிஃப்டோடு சேர்த்தால் நிற்கும் ஸ்லைடிலிருந்து. B அழுத்தினால் திரை கறுப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்பும். ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் அங்கேயே போகும். கேள்வி நேரத்தில் ‘அந்த வரைபடத்தை மறுபடி காட்டுங்கள்’ என்பார்கள். அதற்காக முக்கியமான நாலைந்து ஸ்லைடின் எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.